மிளகுப் பொட்டலத்தின் முகம்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் மலைப்பாதையின் மருங்கே, வீட்டுத் தோட்டங்களில் மரத்தைப் பற்றிப் படரும் மிளகும், கராம்பும், சாதிக்காயும் தரகரின் தராசைத் தாண்டி நேரே நுகர்வோரின் கைக்குப் போகவேண்டுமென்றால், அவை செல்லும் பொட்டலத்துக்கு என்று ஒரு முகம் வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இராது. எந்த முகம் என்பதில்தான் நம்மவரின் சிரத்தை போதவில்லை. யானையும் தென்னையும் பொன்னிற எழுத்தும் எந்தத் தேசத்துப் பண்டத்துக்கும் பொருந்துமாதலால், எதற்கும் சொந்தமாவதில்லை.

பொட்டலத்துக்கு முகம் தரும் வித்தையில் இலங்கைக்கு முன்னோடி ஓர் அந்நியர். 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், மளிகைக்கடைகளில் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கப்பட்டு வந்த தேயிலையை, நிறை குறித்த பொட்டலங்களில் அடைத்துத் தம் சொந்தக் கடைகளிலேயே விற்றதோடு, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற வாசகத்தையும், கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் சித்திரத்தையும் விளம்பரத்தில் இணைத்தார். வாசகம் சொன்னதையே சித்திரமும் சொல்லிற்று. வியாபார சாமர்த்தியத்தில் அதற்கு நிகர் சிலவே. ஆயினும் சித்திரத்திலிருந்தவளுக்குப் பெயரில்லை. அவளுடைய சந்ததியாரில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. உருவத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடும் அடையாளம், எத்துணை அழகாயினும், நியாயமானதன்று.

ரிவர்ஸ்டனின் மூடுபனியை ஏலக்காய்ப் பொட்டலத்தில் அச்சிட நினைப்போருக்கும் ஒரு வார்த்தை. பெருமரங்களின் நிழலை வைத்துக்கொண்டு கீழ்ச்செடிகளை வெட்டி ஏலம் பயிரிட்டதால், ரிவர்ஸ்டனை உள்ளடக்கிய நக்கிள்ஸ் காட்டுக்கு நேர்ந்த சேதம் அற்பமன்று. 2000இல் பாதுகாப்பு வனமாகவும், 2010இல் மத்திய மலைநாட்டின் அங்கமாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாகவும் பிரகடனமான அக்காட்டின் படத்தை, அதற்குத் தீங்கிழைத்த பயிரின் மேல் ஒட்டுவது அலங்காரமாகாது, பரிகாசமே ஆகும். வீட்டு மிளகுக்கு வீட்டுத் தோட்டமே போதிய சித்திரம். பச்சைக் கொத்து வெயிலில் கறுக்கும் நிறமாற்றமே அதன் வர்ணம்.

ஆகவே, இத்தொழிலில் இறங்கும் இளைஞர்களே, ஊரின் பெயரையும், சம்மதத்தோடு பயிரிட்டவரின் பெயரையும், பறித்த ஆண்டையும் முகப்பில் இடுங்கள். மூலையில் பொடியாக ஒதுக்கப்படும் தமிழ் எழுத்தை, சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சமமான அளவில், நல்ல சித்திரக்காரரைக் கொண்டு வரைவியுங்கள்.