இன்றைய பேலன்ஸா, ஸ்டேட்மெண்டா?

"குழந்தை ஏன் இப்படி இளைச்சிருக்கு?" லீவில் ஊருக்குப் போனதும் வரவேற்பே இதுதான். திரும்பி போபால் வந்தால் பக்கத்து வீட்டுக் கொழுகொழுக் குழந்தையோடு ஒப்பீடு வேறு. உடனே பசியெடுக்க ஒரு டானிக்!

என்னைக் கேட்டால், ஒரு நாள் எடையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, ஒரு நாள் பேலன்ஸைப் பார்த்துக் கடன் கொடுக்கிற மாதிரி. (எங்கள் மேனேஜர் விடமாட்டார்.) ஸ்டேட்மெண்ட் வேண்டும். குழந்தைக்கு அது வளர்ச்சி அட்டை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகளுக்காக ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்தார்கள். அதில் தெற்கு டெல்லியும் உண்டு. ஆகவே 'நம்ம உடம்புவாகு அப்படி' என்று தள்ளிவிடவும் முடியாது.

சிறிசாக இருந்தாலும் தன் கோட்டிலேயே ஏறுகிற குழந்தையைப் பற்றிப் பெரும்பாலும் பயமில்லை. கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, பார்க்கப் புஷ்டியாக இருந்தாலும் டாக்டரிடம் போகணும். உயரம் சரியாக இருந்து எடை மட்டும் பின்தங்கினால் முதலில் சாப்பாட்டைத்தான் விசாரிப்பார்கள். ஆறு மாதம் தாண்டியும் பருப்புத் தண்ணி, நீர்க்கக் கரைத்த கஞ்சி என்றால் வயிறு நிறையும், எடை ஏறாது. பருப்பை மசித்து, நெய் விட்டு, கெட்டியாக ஊட்டணும்.

மூன்று வருஷத்துக்கொரு டிரான்ஸ்பர் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் சிக்கல். ஊர் மாறினால் டாக்டர் மாறுகிறார், புது ஃபைல், கோடு அறுந்துபோகிறது. புது டாக்டருக்குத் தெரிவது அன்றைய எடை மட்டும். அட்டையை மூட்டை முடிச்சோடு லாரியில் ஏற்றாதீர்கள். பாஸ்புக்கோடு கைப்பையில் வையுங்கள்.