பினாங்கு மலிவான ஊர் அல்ல

ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள் எந்த நாட்டில் போய்க் குடியேறலாம் என்று வரிசை போடும் பத்திரிகைகள் பினாங்கை மறப்பதில்லை. ஈக்வடாரின் குவென்கா, கொலம்பியாவின் மெடயின் போன்ற தென்னமெரிக்க நகரங்களோடு நம் தலைநகர் ஜார்ஜ் டவுனும் அங்கே பேசப்படுகிறது. கடற்கரை, நல்ல மருத்துவமனைகள், ஆங்கிலம் பேசும் மக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மலிவு என்று காரணங்களை அடுக்குகிறார்கள். வெளியூர்க்காரர் இதை நம்பினால் குற்றமில்லை. நாமும் நம்புகிறோம் என்பதுதான் வேதனை. “வெள்ளைக்காரனே தேடி வந்து தங்குகிறான், ஊர் செழிக்கிறது” என்று சாப்பாட்டுக் கடைகளில் பெருமையோடு பேசிக்கொள்கிறோம். இந்தப் பேச்சு முழுவதும் தவறு. பினாங்கு மலிவான ஊர் அல்ல. மலிவு தேடி வந்தவர்களால் அது செழித்ததும் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உழைத்து ஓய்வுபெற்ற அமெரிக்கருக்கு அவருடைய அரசு கொடுக்கும் ஓய்வூதியம் சராசரியாக மாதம் ஏறத்தாழ 2,000 டாலர். நம் பணத்தில் சுமார் 8,000 வெள்ளி (ரிங்கிட்). மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. நாசி கண்டார் கடையில் நாளெல்லாம் நின்று பரிமாறுகிறவருக்கும், கர்னி கடற்கரை அடுக்குமாடியில் தரை துடைக்கிற அம்மாவுக்கும் பினாங்கில் எதுவும் மலிவாக இல்லை. வீட்டு வாடகை கொடுத்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவைக் கட்டி, மோட்டார் சைக்கிளுக்குத் தவணை செலுத்தியதும் சம்பளம் தீர்ந்துவிடுகிறது.

அப்படியானால் அமெரிக்கர் காணும் அந்த மலிவு எங்கிருந்து வந்தது? 1997-இன் நடுவில் ஒரு டாலருக்கு 2.50 வெள்ளி கொடுத்தோம். ஆசிய நாணய நெருக்கடிக்குப் பின் 1998 செப்டம்பரில் அரசு அதை 3.80-இல் நிறுத்திவைத்தது. 2024 பிப்ரவரியில் அது 4.80-ஐ நெருங்கியது. பிறகு வெள்ளி ஓரளவு மீண்டாலும், பழைய மதிப்பு திரும்பவில்லை. டாலரில் வருமானம் உள்ளவர் ஒவ்வொரு சரிவின்போதும் பினாங்கை மேலும் மலிவாகக் கண்டார். மகனை வெளிநாட்டில் படிக்கவைத்த தகப்பனும், இறக்குமதி மருந்தை நம்பி வாழ்ந்த முதியவரும் அதே சரிவில் நொந்தார்கள். நம் பணம் மதிப்பிழந்ததை ஊரின் அழகாகச் சொல்லி விளம்பரம் செய்கிறோம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

வந்தவர்கள் பணம் செலவழிக்கிறார்களே, அதனால் வேலை பெருகாதா என்று கேட்பார்கள். செலவழிக்கிறார்கள், உண்மைதான். வாடகை முகவர், காரோட்டி, வீட்டுப் பணிப்பெண் ஆகியோருக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் ஓர் ஊர் நிமிர அது போதாது. 1969-இல் தடையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்து பினாங்கு வேலையின்றித் தவித்தபோது, ஓய்வூதியக்காரர்களை வரவழைத்து அதைக் காப்பாற்றவில்லை. லிம் சோங் இயூ தலைமையிலான மாநில அரசு பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டையைத் திறந்தது. 1972-இல் இன்டெல் வந்தது. மலாய், சீன, தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் சீருடை அணிந்து இரவு வேலைக்குப் போனார்கள். ஊரைத் தூக்கி நிறுத்தியது அவர்கள் உழைப்பு.

இன்னும் பின்னோக்கிப் போனாலும் இதுவே உண்மை. 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது, காட்டை வெட்டித் திருத்தியவர்கள் அந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். சோழமண்டலக் கரையிலிருந்து சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் வந்தார்கள். 1794-இலேயே கடைக்காரர்களும் கூலிகளுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்ததாக லைட் எழுதியிருக்கிறார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகளும், ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம் வண்ணார் துறையும் வந்தன. இப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு வந்தவர்கள். வந்து உழைத்தார்கள், பலர் இங்கேயே மண்ணானார்கள். அவர்களிடம் வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லியிருந்தால் இந்த ஊரே பிறந்திருக்காது.

இன்று நாம் அதைத்தான் கேட்கிறோம். வெளிநாட்டவர் நீண்டகாலம் தங்குவதற்கான ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் 2002-இல் தொடங்கியது. 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 150,000 டாலர் வைப்புத்தொகை கட்டி வீடும் வாங்கினால் ஐந்தாண்டு அனுமதி. பத்து லட்சம் டாலர் கட்டினால் இருபது ஆண்டு. மனைவி மக்களையும் பெற்றோரையும் உடன் அழைத்து வரலாம். அதே அடுக்குமாடியின் வாசலில் காவல் நிற்கும் நேப்பாளத்துக்காரரோ, அதைக் கட்டிய வங்கதேசத் தொழிலாளியோ குடும்பத்தை அழைத்து வர முடியாது. இங்கே திருமணம் செய்யவும் அனுமதி இல்லை. இந்த மண்ணிலேயே பிறந்தும் உரிய பத்திரம் இல்லாததால் குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்த தமிழர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை. 1969-க்குப் பின் வேலை அனுமதி மறுக்கப்பட்டு, குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கான தமிழர்கள் தங்களுக்கு அந்நியமாகிவிட்ட தமிழ்நாட்டுக்குக் கப்பலேறியதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. உழைத்தவரைத் துரத்தியும் பணத்தை வரவேற்றும் பழகிய நாடு, அந்தப் பழக்கத்தை வளர்ச்சி என்று அழைக்கிறது.

பணக்காரர் வந்தால் ஊர் செழிக்கும் என்ற இந்த நம்பிக்கை குடியிருப்பிலும் தன் வேலையைக் காட்டியது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது, ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் வெளியேறத் தொடங்கின. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி கிடைத்தது; வீடுகள் விடுதிகளாயின. குளுகோரில் ஆடுமாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் கம்போங் புவா பாலா 2009-இல் இடிக்கப்பட்டது, அடுக்குமாடிக் குடியிருப்புக்காக. இவற்றை அமெரிக்கர்கள் செய்யவில்லை. சட்டம் நீக்கியதும், நிலத்தைக் கைமாற்றியதும், கட்டட வரைபடங்களுக்கு ஒப்புதல் தந்ததும் நம்மவர்களே. ஏற்கெனவே வாழ்கிறவரைவிட வரப்போகும் பணக்காரர் மேல் என்ற எண்ணமே அவர்களைச் செலுத்தியது.

ஆகவே என் சண்டை எந்த வெளிநாட்டவரோடும் இல்லை. பர்மா சாலையில் இன்றும் இயங்கும் அட்வென்டிஸ்ட் மருத்துவமனையை 1924-இல் சிறிய மருத்துவ நிலையமாகத் தொடங்கியவர் ஏர்ல் கார்ட்னர் என்ற அமெரிக்க மருத்துவர். அவர் மலிவைத் தேடி வரவில்லை. இங்கே செய்வதற்கு ஒரு வேலையோடு வந்தார். அப்படிப்பட்டவர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இந்த ஊர்க்காரர்தான்.

நான் கேட்பவை மூன்று. மாநில அரசும் சுற்றுலாத் துறையும் பினாங்கை மலிவான ஊர் என்று விற்பதை நிறுத்த வேண்டும். நம் தொழிலாளியின் குறைந்த சம்பளம் விளம்பரப் பொருள் அல்ல. நீண்டகால அனுமதியைத் தீர்மானிக்கும்போது வைப்புத்தொகையோடு, ஒருவர் இங்கே செய்த உழைப்பையும் வாழ்ந்த ஆண்டுகளையும் எண்ண வேண்டும்; அந்த அளவுகோலில் முதலில் தேறப்போவது சிவப்பு அட்டைக்காரர்கள்தான். பழைய நகரில் எஞ்சியிருக்கும் வாடகைக் குடும்பங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இவற்றைச் செய்தால் பினாங்கு வெளிநாட்டு வரிசைகளில் சில இடங்கள் கீழே இறங்கலாம். இறங்கட்டும். அந்த வரிசையைப் போடுகிறவர்கள் இங்கே வாழவில்லை, நாம் வாழ்கிறோம்.