யாருடைய குரல்?

எனிக்மாவின் முதல் ஆல்பத்தை ரசிக்கிறேன் என்று சொன்னால் நம் வட்டத்தில் இரண்டு விதமான முகச்சுளிப்பு கிடைக்கிறது. லட்சக்கணக்கில் விற்ற எதையும் தொடமாட்டேன் என்கிறவர்களுடையது ஒன்று. கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறவர்களோடு எனக்கு வாதம் கிடையாது. மற்றது தூய்மைவாதிகளுடையது: இடைக்காலத் தேவாலய இசையின் கீழே மின்னணுத் தாளத்தை ஓட்டுவது, செருப்புக் காலோடு சன்னிதிக்குள் நுழைவது மாதிரி என்கிறார்கள். இவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆல்பத்தோடும் சண்டை உண்டு. ஆனால் அது வேறு சண்டை.

1990 டிசம்பரில் வெளிவந்த ஆல்பம் இது. அந்த வருஷத்தையே ரோமன் எண்ணில் எழுதித் தலைப்பாக்கியவர் மிக்கேல் க்ரெட்டு. புக்காரெஸ்டில் பிறந்து, ஜெர்மனியில் தொழில் செய்து, ஸ்பெயினின் இபிசா தீவில் ஸ்டுடியோ வைத்தவர். இதிலுள்ள 'ஸேட்னெஸ்' பல தேசங்களில் முதலிடம் பிடித்தது. தலைப்பு காதுக்குச் சோகம் என்று ஒலிக்கிறது. உள்ளே இருப்பவர் மார்க்கி த ஸாத். குருத்தோலை ஞாயிறு பவனிக்குரிய லத்தீன் கீதம், அதன் அடியில் ஸோல் டு ஸோல் குழுவின் 1989ஆம் வருஷத்துப் பாட்டிலிருந்து எடுத்த தாளம், மேலே ஜப்பானிய மூங்கில் குழலின் சாயல், நடுவில் க்ரெட்டுவின் அப்போதைய மனைவி ஸான்ட்ராவின் பிரெஞ்சு முணுமுணுப்பு. பட்டியல் போட்டால் கதம்பம்தான்.

காதில் விழுவது கதம்பம் அல்ல. முதலில் கீதம் தனியாக வருகிறது. பிறகு தாளம் நுழைகிறது. கீதத்துக்குத் தாளக்கட்டு கிடையாது. வார்த்தையின் அளவிலும் மூச்சின் அளவிலும் நகர்வது அது. தாளமோ இம்மியும் பிசகாத கட்டம். கட்டத்தைத் தாண்டிக் குரல் வழிகிறது. அடி விழும் இடத்தில் ஓய்கிறது, ஓய வேண்டிய இடத்தில் எழுகிறது. இரண்டும் கடைசிவரை ஒன்றாவதில்லை. இந்த ஒட்டாமையில்தான் இதன் அனுபவம் இருக்கிறது. உடம்பைத் துறந்த குரலும் உடம்பைத் தவிர வேறெதுவும் அறியாத தாளமும் ஒரே அறையில் நிற்கின்றன. ஸாத்தின் பெயர் இங்கே வெறும் ஜோடனை அல்ல.

தூய்மைவாதிகள் காக்க நினைக்கும் பொருள் எது? கிரகோரியன் என்கிறார்கள். போப் கிரகோரி 604இல் இறந்தார். அவர் பெயரால் வழங்கும் இசை, அதற்கு நூறு இருநூறு வருஷங்களுக்குப் பின் பிராங்கு மன்னர்களின் ராஜ்யத்தில் உருப்பெற்றது. பெயரே இரவல். பழைய ஏடுகளின் குறிகளுக்குக் கோடு இல்லை. குரல் ஏறுகிறது இறங்குகிறது என்று காட்டுமே தவிர எவ்வளவு என்று காட்டாது. ஸ்வரத்தின் நீளம் பற்றிய தகராறு இன்றுவரை தீரவில்லை. நாம் தூயது என்று கண்மூடிக் கேட்கும் அந்தச் சமமான, மிதக்கும் ஓட்டம் பெருமளவுக்கு பிரான்ஸின் ஸொலெம் மடத்துத் துறவிகள் 19ஆம் நூற்றாண்டில் ஏடுகளை ஒப்பிட்டு மீட்டுக் கட்டியது. மகத்தான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது ரயில் ஓடிய காலத்து சிருஷ்டி. அதைப் பத்தாம் நூற்றாண்டு என்று நம்பிக்கொண்டு க்ரெட்டுவின் எந்திரத்தைப் போலி என்பது அபத்தம். எந்திரம் தன்னை எந்திரம் என்றே சொல்கிறது.

இனி என் சண்டை. ஆல்பத்தில் பாடுவது யார்? கொன்ராட் ரூலான்ட் நடத்திய கப்பெல்லா அன்டிக்வா என்ற முனிச் நகரக் குழு, 1976இல் வெளியான அவர்களுடைய இசைத்தட்டில். முதலில் வந்த பிரதிகளில் இந்தப் பெயர் எங்கும் இல்லை. வழக்கு வந்தது, இழப்பீடு கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். க்ரெட்டுவும் தன் பெயரைப் போடவில்லையே, கர்லி எம்.சி. என்றுதானே போட்டார் என்பார்கள். தன் முகத்தை மூடிக்கொள்வது ஒருவரின் சௌகரியம். அடுத்தவன் முகத்தை மூட அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வேடிக்கையைப் பாருங்கள்: கூட்டாளி பிராங்க் பீட்டர்ஸன் வைத்துக்கொண்ட புனைபெயர் எஃப். கிரகோரியன். கிரகோரியன் பாடியவர்களுக்குப் பெயர் இல்லை. பாடாதவருக்குப் பெயரே கிரகோரியன்.

அந்த இசையை இயற்றியவர்களே பெயரில்லாதவர்கள்தானே என்று ஒரு சமாதானம் உண்டு. பம்மாத்து. மெட்டு அமைத்த துறவிக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒலிநாடாவில் விழுந்த மூச்சு அவனுடையதல்ல. 1970களில் சம்பளம் வாங்கி, சளி பிடித்து, ஒத்திகைக்குத் தாமதமாக வந்திருக்கக்கூடிய மனிதர்களின் மூச்சு அது. இடைக்காலம் என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் குரலுக்கு உடைமைக்காரன் இல்லாமல் போகிறான். புறம்போக்கு நிலம் மாதிரி. ஆல்பம் விற்ற மர்மம் இந்தப் பெயரழிப்பிலிருந்து வந்ததுதான்.

இது ஒரு முறை நேர்ந்த கவனக்குறைவும் அல்ல. 1993இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் தைவானின் அமி பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங், இகாய் என்ற முதிய தம்பதியின் பாட்டு. அங்கும் பெயர் இல்லை. அந்தக் குரல்கள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் விளம்பரம் வரை போயின. 1998இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள், 1999இல் சமரசம். முதல் முறை மறைத்தது இடைக்காலம் என்ற சொல். இரண்டாம் முறை பழங்குடி என்ற சொல். இரண்டுக்கும் ஒரே உபயோகம்.

தூய்மைவாதிகள் தாளத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்ததில் இந்த விஷயம் யார் காதிலும் விழவில்லை. கீதத்தின் புனிதத்துக்காக வாதாடியவர்களுக்கும் பாடியவன் தேவைப்படவில்லை. அவர்களும் 'இடைக்காலக் குரல்கள்' என்றே எழுதினார்கள். க்ரெட்டுவின் விளம்பரக்காரர்களும் அப்படியே எழுதியிருப்பார்கள்.

ஆல்பத்தை நான் இனியும் கேட்பேன். ரசிகன் என்பதால்தான் இந்தக் கணக்கைக் கேட்கிறேன். நம்மில் யாராவது இதைப் பற்றி எழுதினால், புகழ்ந்தாலும் ஏசினாலும், கப்பெல்லா அன்டிக்வா என்று முழுப் பெயரையும் எழுதட்டும்.