டிரைவர் ஆவணமும் அளவுக்கருவியே

ஆசிரியர் உரை

அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி வட்டாரத்தில் இன்று தயாராகும் கன்ட்ரோல் பேனல்களைத் திறந்தால், ரிலேக்கும் கான்டாக்டருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன லினக்ஸ் கணினியைப் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. பம்ப், ஜெனரேட்டர், குளிரூட்டி என்று எதையெதையோ அது கண்காணிக்கிறது. அந்தக் கணினியின் உடல்நிலையைக் கண்காணிப்பது அதன் போர்டிலேயே இருக்கும் ஒரு சிப். போர்டின் வெப்பம், சப்ளை மின்னழுத்தம், விசிறியின் வேகம் ஆகியவற்றை அது அளக்கிறது. லினக்ஸ் கெர்னலில் ஹெச்டபிள்யூமான் என்ற பகுதியில் இந்தச் சிப்களுக்கான டிரைவர்கள் இருக்கின்றன. டிரைவரோடு கூடவே ஓர் ஆவணக் கோப்பும் வருகிறது. அந்தக் கோப்பைச் சீர்செய்யும் வேலை பற்றியதே இந்த உரை.

இந்த வேலைக்கு நம் துறையில் உரிய மதிப்பு இல்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்து, எழுத்துப்பிழையைத் திருத்தி, பத்தியை ஒழுங்குபடுத்தி வாங்கிக்கொள்வதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். எங்கள் கருத்து வேறு. வன்பொருள் கண்காணிப்பில் ஆவணம் தவறினால் அளவு தவறும். ஆகவே டேட்டாஷீட்டையும் மல்டிமீட்டரையும் அருகில் வைத்துக்கொண்டு, அனுபவமுள்ளவர்கள் செய்ய வேண்டிய பொறியியல் வேலை இது.

மின்னழுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். சிப் அறிவது தன் பின்னுக்கு வரும் மின்னழுத்தத்தை மட்டும்தான். ஐடிஇ நிறுவனத்தின் ஐடி8712 போன்ற சிப்கள் 0 முதல் 4.08 வோல்ட் வரை, 16 மில்லிவோல்ட் படிகளில் அளக்கும். 12 வோல்ட் லைனை நேரடியாக அதில் கொடுக்க முடியாது. போர்டை வடிவமைப்பவர் இரண்டு ரெசிஸ்டர்களைப் போட்டு, குறைத்துக் கொடுக்கிறார். அந்த ரெசிஸ்டர்களின் மதிப்பு சிப்புக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. அதனால் பெரும்பாலான டிரைவர்கள் பின்னில் கண்டதை அப்படியே மில்லிவோல்ட்டில் சொல்லிவிட்டு, பெருக்கிக்கொள்ளும் பொறுப்பைப் பயன்படுத்துபவரிடம் விட்டுவிடுகின்றன. எல்எம்87, வயா686ஏ போன்ற சிலவற்றில் ரெசிஸ்டர்கள் சிப்புக்குள்ளேயே இருப்பதால், அங்கே மட்டும் டிரைவரே பெருக்கித் தருகிறது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போர்டில் 30 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் இருக்கின்றன. பின்னில் தெரிவதை 4 ஆல் பெருக்கினால் லைன் மின்னழுத்தம் கிடைக்கும். அடுத்த ஆர்டரில் வந்த போர்டில் அதே சிப், ஆனால் 20 கிலோ ஓமும் 6.8 கிலோ ஓமும். இங்கே பெருக்க வேண்டிய எண் 3.94. பழைய 4 அப்படியே தொடர்ந்தால், லைன் 11.35 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்போது பின்னில் 2.88 வோல்ட் இருக்கும், திரையில் 11.52 வரும். 12 வோல்ட்டில் 5 சதவீத வரம்பு என்றால் கீழ் எல்லை 11.4. எல்லைக்குக் கீழே போய்விட்ட பவர் சப்ளை, திரையில் நல்ல நிலையில் இருப்பதாகத் தெரியும். டிரைவரில் ஒரு வரிகூடப் பிழையில்லை. இந்த எண் பின்னில் உள்ள மின்னழுத்தம், லைனில் உள்ளதல்ல என்பதை ஆவணம் அந்த இடத்திலேயே தெளிவாகச் சொல்லவில்லை என்றால், கோளாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதே ஐடிஇ குடும்பத்தில் ஐடி8721, ஐடி8728 போன்ற பிந்தைய சிப்களின் படி 12 மில்லிவோல்ட். ஒரே டிரைவர், ஒரே ஆவணம், ஆனால் இரண்டு வேறு படிகள். வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று இந்த விதிவிலக்கை வெட்டி, ஒரே வாக்கியமாகச் சுருக்குகிறவர் நல்லெண்ணத்தோடுதான் செய்வார். ஆனால் அந்தச் சுருக்கம் பிந்தைய சிப்பைப் பயன்படுத்துபவருக்குத் தவறான தகவல். அலகுகளிலும் இதே கவனம் வேண்டும். ஹெச்டபிள்யூமான் இடைமுகத்தில் வெப்பம் மில்லிடிகிரி செல்சியஸில், மின்னோட்டம் மில்லிஆம்பியரில், பவர் மட்டும் மைக்ரோவாட்டில் வரும். மின்னழுத்த வரிசை 0 இலிருந்தும், வெப்பமும் விசிறியும் 1 இலிருந்தும் எண்ணப்படும். பக்கத்து டிரைவரின் ஆவணத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதும் வழக்கத்தில் முதலில் அடிபடுபவை இவைதான்.

அடுத்து எல்எம்75. நேஷனல் செமிகண்டக்டர் கொண்டுவந்த இந்த வெப்பச் சிப்பும் அதன் வழித்தோன்றல்களும் எத்தனையோ போர்டுகளில் இருக்கின்றன. அதன் வெப்ப அளவு 9 பிட், படி அரை டிகிரி. டிரைவர் ஆவணத்தில் நீண்ட காலமாக இருக்கும் ஒரு வாக்கியம், அளவுகளை அரை டிகிரித் துல்லியத்தில் படிக்கலாம் என்கிறது. ஆனால் டேட்டாஷீட்டின்படி −25 முதல் 100 டிகிரி வரை பிழை 2 டிகிரி வரை இருக்கலாம், −55 முதல் 125 வரையிலான முழு வரம்பில் 3 டிகிரி வரை இருக்கலாம். அரை டிகிரி என்பது எண் தாவும் படி. அந்த எண் எவ்வளவு சரி என்பது தனிக்கணக்கு. அதே வகையைச் சேர்ந்த டிஎம்பி75 சிப்பில் படி 0.0625 டிகிரி. அதைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளரிடம் நான்கு தசம இடம் காட்டும் திரையைக் கொடுத்தால், சிப் தராத வாக்குறுதியை நாம் தருகிறோம். நம் ஊர் வெயிலில் இந்த வித்தியாசம் முக்கியம்: 2003 மே 31 அன்று சென்னையில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. தகரக் கூரைக்குக் கீழே மூடிய பேனலுக்குள் என்ன இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்எம்75 பவர் கிடைத்தவுடன் வைத்துக்கொள்ளும் எச்சரிக்கை எல்லை 80 டிகிரி, அது விலகும் எல்லை 75. அந்த 80 உண்மையில் 78 ஆகவும் இருக்கலாம், 82 ஆகவும் இருக்கலாம் என்பதை ஆவணம் சொல்ல வேண்டும். சொல்லும் இடம், அரை டிகிரித் துல்லியம் பற்றிய அந்த வாக்கியம்தான்.

சிப்கள் இணைந்திருக்கும் பஸ்ஸில் எந்தெந்த விலாசங்களில் டிரைவர் சிப்பைத் தேடும் என்று ஆவணத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி இருக்கும். எல்எம்75 க்கு அது பதினறும எண்ணில் 48 முதல் 4எஃப் வரை. அலங்காரம் போலத் தெரியும் இந்த வரி ஒரு பாதுகாப்புக் குறிப்பு. அசல் எல்எம்75 இல் தன்னை அடையாளம் காட்டும் ரெஜிஸ்டர் கிடையாது; இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று டிரைவர் ஊகிக்கிறது. தேடும் முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2000களின் தொடக்கத்தில் ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சில சாட்சி. சென்சாரைத் தேடி பஸ்ஸில் விலாசம் விலாசமாகத் தட்டியபோது, அட்மெல் 24ஆர்எஃப்08 என்ற நினைவகச் சிப்பில் தகவல் சிதைந்து, மடிக்கணினிகள் எழுந்திருக்கவே இல்லை. சென்சார் மென்பொருளான எல்எம்-சென்சார்ஸில் திங்க்பேடுக்கென்றே தனி எச்சரிக்கைக் கோப்பு வைக்கப்பட்டது. அதைப் படித்தவரின் கணினி பிழைத்தது.

ஆவணத்தில் உள்ள டேட்டாஷீட் இணைப்புகளும் சீர்செய்ய வேண்டியவை. நேஷனல் 2011 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடம் போனது. டல்லாஸ் செமிகண்டக்டரை 2001 இல் மேக்சிம் வாங்கியது, மேக்சிமை 2021 இல் அனலாக் டிவைசஸ் வாங்கியது. பிலிப்ஸின் சிப் பிரிவு என்எக்ஸ்பி ஆனது, வின்பாண்டின் லாஜிக் சிப் பிரிவு நுவோட்டான் ஆனது. நிறுவனம் கைமாறும்போது ஆவணத்தில் இருந்த டேட்டாஷீட் முகவரி செத்துப்போகிறது. புதிய முகவரியைப் போட்டால் மட்டும் போதாது. டேட்டாஷீட்டின் எண், திருத்தப் பதிப்பு, தேதி ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை முகவரி செத்தாலும் அதைத் தேடிப் பிடிக்க முடியும்.

2019 இல் மவ்ரோ கர்வால்யோ ஷெஹாப் இந்த ஆவணங்களை ஒரே வடிவத்துக்கு மாற்றினார், கெர்னல் 5.2 இலிருந்து அவை அட்டவணையோடு ஒழுங்காகக் கிடைக்கின்றன. பெரிய உழைப்பு அது. வடிவம் சீரானதால் இப்போது உள்ளடக்கத்தின் ஓட்டைகள் நன்றாகத் தெரிகின்றன. அவற்றை அடைக்க அந்தந்தச் சிப்பைக் கையால் தொட்டவர்கள் வேண்டும். நீண்ட காலம் இந்தப் பகுதியைப் பராமரித்த ழான் டெல்வாரும், இன்று பராமரிக்கும் குந்தர் ரோக்கும் நூற்றுக்கணக்கான சிப்களையும் தாங்களே சோதித்துப் பார்க்க முடியாது.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில வழிமுறைகளை வலியுறுத்துகிறோம். எழுத்துப்பிழை, வடிவம், உண்மைத் தகவல் இம்மூன்றையும் தனித்தனி பேட்ச்களாகப் பிரியுங்கள். நாற்பது கமா திருத்தங்களுக்கு நடுவில் மாறிய ஒரு எண்ணைச் சரிபார்ப்பவரின் கண் தவறவிடும். எண்ணை மாற்றினால் எந்த டேட்டாஷீட்டின் எந்த அட்டவணை என்று எழுதுங்கள். எந்தச் சிப்பில் சோதித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சரிபார்க்க முடியாத வாக்கியத்தை அழகுபடுத்தாதீர்கள். மெருகேறிய தவறு உண்மையைப் போலத் தோன்றும். டிரைவருக்குத் தெரியாதவை எவை என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்: எந்தப் பின் எந்த லைனில் இணைந்திருக்கிறது, எந்த ரெசிஸ்டர், விசிறி ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு. இரண்டு துடிப்பு என்று வைத்திருக்கும் இடத்தில் நான்கு துடிப்பு விசிறியை மாட்டினால், வேகம் இரு மடங்காகக் காட்டும். பாதி வேகத்தில் திணறும் விசிறி முழு வேகத்தில் ஓடுவதாகத் தெரியும்.

இதற்குத் திருமுல்லைவாயில் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. அறுபதுகளில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை ஒரு பக்கம், ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகள் மறுபக்கம், நடுவில் சிட்கோ மகளிர் தொழிற்பேட்டை. அம்பத்தூரில் என்டிடி போன்ற நிறுவனங்களின் தரவு மையங்கள் எழுந்துவிட்டன. சர்வர் போர்டுகளின் மேலாண்மைச் சிப்களில் ஓடும் ஓப்பன்பிஎம்சி மென்பொருளும் இதே ஹெச்டபிள்யூமான் இடைமுகத்தைத்தான் படிக்கிறது. வகைவகையான போர்டுகள், மின்னழுத்தம் ஏறி இறங்கும் லைன், கடும் வெயில், சர்வீஸ் பெஞ்சில் பழகிய கைகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் இறுதியாண்டு மாணவர்களுக்கு இதைத் திட்டப்பணியாகக் கொடுக்கலாம்: ஒரு சிப், அதன் டேட்டாஷீட், அதன் டிரைவர், அதன் ஆவணம் நான்கையும் ஒப்பிட்டு, வேறுபாடுகளைச் சோதனையால் நிரூபித்து, பேட்ச் அனுப்புவது. காட்சிக்கு வைத்துவிட்டுக் கழற்றிவிடும் மாதிரிகளைவிட இது அதிகம் கற்றுத்தரும். அவர்கள் பெயர் கெர்னல் வரலாற்றிலும் பதியும்.

நிறுவனம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பேனலை அனுப்பும்போது வயரிங் படம், டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு போர்டுக் குறிப்பு ஒன்றையும் டெலிவரி பட்டியலில் சேருங்கள். எந்தச் சிப், எந்த லைனுக்கு எந்த ரெசிஸ்டர், பெருக்க வேண்டிய எண் என்ன, மல்டிமீட்டரில் என்ன கண்டீர்கள், திரையில் என்ன கண்டீர்கள் என்பதை அதில் எழுதி, சோதித்தவர் கையெழுத்திடட்டும். அதை எழுதும் நேரத்துக்குக் கொட்டேஷனில் ஒரு வரி போட்டுக் கூலியும் கொடுங்கள்.