மண்ணைப் பறித்துவிட்டுப் பூனையைப் பழிக்கிறோம்

எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த முதல் இரண்டு வாரம் அது வைத்த தொட்டியில் போகாமல் கண்ட இடத்தில் போயிற்று. அந்த இரண்டு வாரத்தில் எனக்கு இலவசமாகக் கிடைத்த ஆலோசனைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். எல்லாவற்றுக்கும் சாரம் ஒன்றுதான்: "பூச்சைக்கு வஞ்சம் உண்டும் வே. சாக்குல கெட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுரும்."

சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. காலையில் குளித்து நாகராஜா கோவிலில் தொழுதுவிட்டு வருகிறவர்கள். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர்கள். அவர்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன் என்பதால் சண்டை போட எனக்கு உரிமை உண்டு.

என் கட்சி இது. வீட்டுக்குள் அசிங்கம் செய்கிற பூனை குற்றவாளி அல்ல. ஒன்று, நாம் வைத்த இடம் சரியில்லை. அல்லது, அதற்கு உடம்பு சரியில்லை. மூன்றாவதாக வஞ்சம் என்று ஒன்று கிடையாது.

நான் பிறந்த ஓட்டு வீட்டில் பூனைக்கு யாரும் இடம் காட்டிக் கொடுத்ததில்லை. புறவாசல் கதவைத் திறந்தால் சாம்பல் குவியல், எருக்குழி, வாழைமூடு, அதற்கு அப்பால் தென்னைமூடு. அறுப்பு முடிந்து பத்தாயம் நிறையும். நெல்லுக்கு எலி வரும். எலிக்குப் பூனை. அது தன் வேலையை முடித்து, மண்ணைத் தோண்டி, போய், மூடி, மோந்து பார்த்துவிட்டு வரும். வீட்டில் சுத்தம் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது எங்களுக்குத்தான்.

இப்போது என்ன? வயல் மனையாயிற்று. நாலு சென்டில் வீடு, மதில் தொடங்கி மதில் வரை இன்டர்லாக் கல். ஓய்வு பெற்ற பணத்தில் வீடு கட்டியபோது நானும் அப்படித்தான் பதித்தேன். சேறு படாது, புல் முளைக்காது, பெருக்க எளிது. மழைத் தண்ணீர் இறங்கவே ஒரு சாண் மண் விடாதவன் பூனைக்கா விட்டிருப்பேன்?

பூனையின் ஆதி வீடு பாலைநிலம். ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் காட்டுப் பூனைதான் நம் வீட்டுப் பூனைக்கு முன்னோர். ஏறத்தாழ பத்தாயிரம் வருஷத்துக்கு முன், அங்கே மனிதன் தானியம் சேர்க்கத் தொடங்கியபோது எலியைத் தேடி வந்து ஒட்டிக்கொண்ட சாதி. உதிரி மண்ணைக் கண்டால் காலால் பறிப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1947ல் எட்வர்ட் லோவ் என்பவர், பூனைக்குச் சாம்பல் போட்டு வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரிக்கு உறிஞ்சும் களிமண் குருணையைக் கொடுத்துப் பார்த்தார். அதுவே பின்னால் பெரிய வியாபாரம் ஆயிற்று. கடையில் மூட்டையாக விற்கும் பூனை மணலின் கதை அவ்வளவுதான். நம் புறவாசலில் சும்மா கிடந்ததை மூடிவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்குகிறோம்.

நானும் வாங்கினேன். ரோஜா வாசனை போட்ட மணல். மூடி போட்ட அழகான தொட்டி. அதைக் கொண்டுபோய் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். பூனைக்குக் கண்டன் என்று பேரும் வைத்தேன். கண்டன் குளியலறைத் தரையில் போனான். பழைய பேப்பர் கட்டில் போனான். மடித்து வைத்த என் வேட்டியில் போனான். "நேத்து ஏசினேன் இல்லியா, அதுக்குப் பழி வாங்குகான்" என்று நானே சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள். நம்மைவிடப் பல மடங்கு மோப்பம் உள்ள மிருகத்துக்கு ரோஜா வாசனை மூக்கில் குத்தும். மெஷின் திடீரென்று உறுமினால் பாதியில் எழுந்து ஓடும். மூடிய தொட்டிக்குள் அதன் நாற்றம் அதற்கே முட்டும். புதிய வீடு, புதிய ஆட்கள், ஓயாத டி.வி. நாம் ஊர் மாறிப் போனால் இரண்டு நாள் வயிறு இளகாமல் கஷ்டப்படுவதில்லையா? அதற்கு யாராவது நம்மை விளக்குமாறால் அடித்தார்களா?

நான் அடித்தேன். பன்னிரண்டாம் நாள் இரவு அவன் நடுக்கூடத்தில் குந்தினான். இரண்டு சொட்டுதான் விழுந்தது. எழுந்து நாலடி போய்த் திரும்பவும் குந்தினான். நான் ஓங்கிப் போட்டேன். மனைவிதான் கையைப் பிடித்தாள். "எதுக்கு அடிக்கிய? முக்குகான் பாருங்க. மூத்திரம் வரல்லை."

காலையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். சிறுநீர் அடைப்பு. ஆண் பூனைக்குக் குழாய் மெலிது, சிறு கல்லோ சளி போன்ற கட்டியோ அடைத்துக்கொள்ளும், பயமும் மிரட்சியும் இதைக் கூட்டும், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்காது என்றார். டியூப் போட்டு எடுத்தார். வலியில் தரையில் குந்திய ஒரு உயிரைத்தான் நான் விளக்குமாறால் விசாரித்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு 1988 நினைவு வந்தது. வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு பெட்டைப் பூனை அரிசிச் சாக்கின்மேல் அடிக்கடி போயிற்று. நான்தான் கட்டிக்கொண்டு போய் ஒழுகினசேரி தாண்டிப் பழையாற்றங்கரையில் அவிழ்த்துவிட்டேன். அது சைக்கிளுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தது. திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். அதற்கு என்ன வியாதியோ, இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

அப்படிக் கொண்டு விடுவது சட்டப்படியும் குற்றம். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், தகுந்த காரணமில்லாமல், பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு சாயாவும் வடையும் தின்கிற காசு. அதனால்தான் யாருக்கும் பயமில்லை போலிருக்கிறது.

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. "பிள்ளைத்தாச்சி இருக்க வீடு. பூச்சை மலம் ஆகாது." உண்மைதான். டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி அதில் வரலாம், கருவைப் பாதிக்கலாம். ஆனால் மலத்தோடு வந்த உடனே அது தொற்றாது, அந்த நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அன்றன்றைக்கு அள்ளுங்கள். கர்ப்பிணி அள்ள வேண்டாம், வேறு ஆள் அள்ளிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். வீட்டு ஆம்பிளைகளுக்கு ஒரு வேலை ஆயிற்று. பூனையைச் சாக்கில் கட்ட இது காரணம் ஆகாது.

நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன். தொட்டி மூடியில்லாமல், பூனை திரும்பி நிற்கும்படி அகலமாக இருக்கட்டும். சலித்து வெயிலில் காயவைத்த மணல் நாலு விரல்கடை ஆழம் போதும். வாசனை வேண்டாம். ஆள் நடமாட்டமும் சத்தமும் இல்லாத மூலையில், சோறு வைக்கும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, இரண்டு பூனைக்கு மூன்று. தினமும் அள்ளுங்கள். ஃபினாயிலைத் தொடாதீர்கள். பூனையின் ஈரலால் அந்த விஷத்தை முறிக்க முடியாது. கால் நக்கும்போது உள்ளே போய்விடும். சலவைத்தூள் தண்ணீரில் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காய வைத்தால் போதும். வாலைத் தூக்கி நின்று சுவரில் பீய்ச்சினால் அது வேறு, எல்லை குறிப்பது. ஆண் பூனைக்குக் கருத்தடை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அடிக்கடி குந்தியும் சிறுநீர் வராவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்க்கிற வைத்தியத்தை மறந்துவிடுங்கள். நம்மைக் கண்டு ஒளிய மட்டுமே அது கற்றுக்கொள்ளும்.

புறவாசலில் பன்னிரண்டு இன்டர்லாக் கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டேன். கீழே மண் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, பழைய வயல் மண். ஒரு ஓரத்தில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறேன். மறு ஓரம் கண்டனுக்கு. இப்போது தொட்டியை மழை நாளில்தான் தேடுகிறான்.

சாக்கு யோசனை சொன்ன அண்ணாச்சிமாருக்கு ஒரு வார்த்தை. சாக்கு உங்கள் வீட்டில் இருக்கிறதல்லவா? அதில் இரண்டு கூடை மணல் அள்ளிக்கொண்டு வாருங்கள். மழைக்காலம் வருகிறது, தொட்டிக்கு வேண்டும்.