கோல்ப் மைதானத்தின் வேலியும் மலையக இளைஞர்களின் எதிர்காலமும்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியா நகரம் வேறொரு கோலம் பூணுவது வழக்கம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார் வாகன மலையேற்றப் போட்டி, கிரகரி வாவியில் படகுச் சவாரி எனப் பலவகைக் களியாட்டங்கள் அங்கு இடம்பெறுகின்றன. அவற்றுக்கு மத்தியில், நகரின் நடுவே பரந்து கிடக்கும் கோல்ப் மைதானமும் சுறுசுறுப்படைகின்றது. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகின்ற ஆட்டக்காரர்கள் அங்கு நட்புறவுப் போட்டிகளில் ஈடுபடுவர். அவர்களது பைகளைக் காவிக்கொண்டும், பந்து விழுந்த இடத்தைத் தேடிக் கொடுத்துக்கொண்டும் கூடவே நடப்பவர்கள் 'கெடி' என அழைக்கப்படும் உதவியாளர்களாவர். மறுநாள் வெளியாகும் செய்தியில் கிண்ணத்தை ஏந்தியவரின் பெயர் இருக்கும். பையைக் காவியவரின் பெயர் இருப்பதில்லை.

கோல்ப் என்றதும் அது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற எண்ணமே தமிழ், முஸ்லிம் வாசகர்களில் பலருக்கு எழக்கூடும். அவ்வாறு ஒதுக்கிவிடக்கூடிய விடயமல்ல இது. ஏனெனில் மலைநாட்டில் இந்த விளையாட்டின் வரலாறு, தேயிலைத் தோட்டத்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாததாகும்.

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வர்த்தக ரீதியில் பயிரிட்டார். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் கோப்பிச் செய்கை இலைநோயினால் அழிந்தது. மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் லயன் அறைகளில் குடியமர்த்தப்பட்டிருக்க, அவர்களை மேற்பார்வை செய்த துரைமார் தமது ஓய்வு நேரத்துக்கெனக் கழகங்களை அமைத்துக்கொண்டனர். கொழும்பில் 1879 இல் கோல்ப் கழகம் ஆரம்பமானது. நுவரெலியா கோல்ப் கழகம் 1889 இல் தோற்றம் பெற்றது. ஹட்டனை அண்மித்த தரவளையிலும் நானுஓயாவுக்கு அருகிலுள்ள ரதல்லயிலும் துரைமார் கழகங்களின் மைதானங்கள் அமைந்தன. கடலின் இக்கரையில் மட்டுமன்றி அக்கரையிலும் இதுவே நடந்தது. கொடைக்கானலிலும், உதகமண்டலத்திலும், மூணாறிலும் தேயிலையோ குளிர்ச்சியோ இருந்த இடமெல்லாம் ஆங்கிலேயர் கோல்ப் மட்டையுடன் சென்றனர்.

இவ்விளையாட்டுக்குள்ளேயே ஒரு நல்ல நீதி இருக்கின்றது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவே 'ஹென்டிகெப்' எனப்படும் முறையாகும். கோல்ப் ஆட்டத்தில் 18 குழிகளிலும் பந்தை இடுவதற்கு யார் குறைந்த தடவைகள் அடிக்கின்றாரோ அவரே வெற்றி பெறுகின்றார். தேர்ந்த ஆட்டக்காரருடன் சாதாரண ஆட்டக்காரர் மோதினால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரினதும் முந்திய ஆட்டங்களைக் கொண்டு அவரது திறமையை எண்ணாகக் கணிக்கின்றனர். ஒருவரது அளவு 20 என்றால், ஏறத்தாழ அத்தனை அடிகள் அவரது மொத்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். 2020 ஆம் ஆண்டு முதல் உலகளாவிய ரீதியில் நடைமுறைக்கு வந்துள்ள பொது முறையில் இவ்வெண் 54 வரை செல்லலாம். இதனால் அறுபது வயதுத் தந்தையும் இருபது வயது மகனும், புதியவரும் பழையவரும் ஒரே களத்தில் உண்மையான போட்டியாளராக நிற்க முடிகின்றது. பின்தங்கியவரின் பின்னடைவை ஆட்டம் தொடங்கு முன்னரே கணக்கில் எடுக்கும் விளையாட்டுக்கள் உலகில் அதிகமில்லை.

ஆனால் இந்த நீதி மைதானத்தின் வேலியோடு நின்றுவிடுகின்றது என்பதுதான் வருந்தத்தக்கதாகும். வேலிக்கு வெளியே, பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அளவான லயன் அறையில் பிறந்த பிள்ளை எத்தனை அடிகள் பின்னால் நின்று வாழ்க்கையை ஆரம்பிக்கின்றது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களது முன்னோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு அந்தப் பிரச்சினை சட்டரீதியாகத் தீர 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னடைவு எந்தக் கணக்கிலிருந்தும் கழிக்கப்படவில்லை.

தெற்காசியாவின் கோல்ப் வரலாற்றைப் புரட்டுவோர் ஓர் உண்மையைக் கண்டு வியப்படைவர். இப்பிராந்தியத்தின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுள் பலர் கழக உறுப்பினர்களின் பிள்ளைகள் அல்லர். பை காவியவர்களும் புல் வெட்டியவர்களின் பிள்ளைகளுமே அவர்கள். 1991 ஆம் ஆண்டிலும் பின்னர் 1993 ஆம் ஆண்டிலும் இந்தியப் பகிரங்க கோல்ப் போட்டியில் வெற்றியீட்டிய அலி ஷேர், டெல்லியில் பை காவிய ஒருவரின் மகன். அவரும் அத்தொழிலிலிருந்தே மேலே வந்தார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதற்தடவையாகும். 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அதே கிண்ணத்தை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை கொல்கத்தா மைதானத்தில் புற்றரையைப் பராமரித்தவர்.

இவர்கள் எல்லோரிலும் குறிப்பிடத்தக்கவர் பங்களாதேஷின் சித்திகுர் ரஹ்மான். டாக்காவின் குர்மிட்டோலா மைதானத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாக நுழைந்த அவர், 2010 இல் புரூணை பகிரங்கப் போட்டியையும் 2013 இல் இந்தியப் பகிரங்கப் போட்டியையும் வென்றார். 112 ஆண்டுகளின் பின்னர் கோல்ப் மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 2016 ரியோ விளையாட்டு விழாவுக்கு நேரடியாகத் தகுதிபெற்று, தனது நாட்டின் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. வறிய முஸ்லிம் குடும்பமொன்றின் மகனுக்கு ஒரு மைதானத்தின் பின்வாசல் திறந்திருந்ததனால் ஒரு தேசம் பெருமை பெற்றது. நமது நாட்டிலிருந்தும் என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்றோர் இந்தியத் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளில் விளையாடியுள்ளனர். விளையாட்டுப் பக்கங்களில் தமிழ்ப் பெயர்கள் அரிதாகவே தென்படும் காலத்தில் இது கவனிக்கப்பட வேண்டிய செய்தியாகும்.

எனினும் இக்கதைகளைக் கேட்டுப் புளகாங்கிதம் அடைவதோடு நின்றுவிட முடியாது. இவற்றுக்குப் பின்னால் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. இவ்வாறு மேலே வந்தோரில் பலர் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதிலேயே மைதானத்தில் வேலைக்கு நின்றவர்கள். அவர்கள் ஏறிய ஏணி சிறுவர் உழைப்பு என்ற ஏணியாகும். அதில் ஏறி உச்சிக்குச் சென்றவர் ஒருவர் என்றால், படிப்பையும் இழந்து பாதியில் விழுந்தோர் எத்தனை பேர் என்பதை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை. இலங்கையில் வேலைக்கு அமர்த்துவதற்கான ஆகக்குறைந்த வயது 2021 ஆம் ஆண்டில் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டமை முற்றிலும் சரியான நடவடிக்கையே. ஆனால் பழைய ஏணியை அகற்றிய நாம் அவ்விடத்தில் புதிய ஏணி எதனையும் வைத்தோமா என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய கேள்வியாகும்.

ஐக்கிய அமெரிக்கா இவ்விடயத்தில் ஒரு முன்மாதிரியைக் காட்டுகின்றது. 1913 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் உய்மெட் என்ற இருபது வயது இளைஞர் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் பிரித்தானியாவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தார். அவர் அதே மைதானத்துக்கு எதிரே குடியிருந்து, அங்கேயே பை காவி வளர்ந்தவர். அவர் காலத்தில் விளையாடிய சிக் எவன்ஸ் என்பவரும் பை காவியவரே. அவரது முயற்சியால் 1930 இல் ஒரு புலமைப்பரிசில் திட்டம் தொடங்கப்பட்டது. பை காவும் இளைஞர்களுள் திறமையும் தேவையும் உள்ளோரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதே அதன் நோக்கம். இதுவரையில் 12,000 இற்கும் மேற்பட்டோர் அதன் மூலம் பட்டம் பெற்றுள்ளனர். அவர்கள் எல்லோரும் கோல்ப் வீரர்களாகிவிடவில்லை. வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் ஆகுவதற்கு அந்தப் பை உதவியிருக்கின்றது. சிறந்த ஏணி என்பது இதுதான்.

இங்கு நிலம் பற்றிய கேள்வியும் எழாமல் இராது. 18 குழிகள் கொண்ட மைதானமொன்றுக்குப் பொதுவாக நூறு ஏக்கருக்கும் அதிகமான நிலம் தேவைப்படுகின்றது. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். தோட்டக் குடும்பமொன்று வீடு கட்டுவதற்குக் கேட்பது ஏழு பேர்ச்சஸ் அல்லது பத்து பேர்ச்சஸ் காணியேயாகும். உலகின் ஏனைய இடங்களில் இக்கேள்விக்கு அரசுகள் துணிச்சலான பதில்களை அளித்துள்ளன. சிங்கப்பூரில் கெப்பல் கழகத்தின் கோல்ப் மைதானம் குத்தகை முடிவடைந்ததை அடுத்து 2022 இல் மூடப்பட்டு, வீடமைப்புக்கென ஒதுக்கப்பட்டது. தமிழக அரசும் 2024 ஆம் ஆண்டில் உதகமண்டலத்திலும் சென்னை கிண்டியிலும் உள்ள குதிரைப் பந்தய மைதானங்களை மீளப் பெறுவதற்கு நடவடிக்கை எடுத்தது. கிண்டி மைதானத்தினுள் கோல்ப் ஆடுகளமும் இருந்தமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும் நுவரெலியாவில் மைதானத்தைத் துண்டு போட்டுப் பகிர்வதே தீர்வு என எவரேனும் கூறுவாராயின் அது அவசரப்பட்ட வாதமாகவே அமையும். மலையக மக்களின் காணிப் பிரச்சினைக்குக் காரணம் ஒரு கோல்ப் மைதானம் அல்ல. அரசுக்கும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் இடையில் குத்தகையில் கட்டுண்டு கிடக்கும் பல்லாயிரம் ஏக்கர் நிலமே அதன் மூலமாகும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபோதும் பாதுகாப்பான காணி என்ற கோரிக்கையே மேலெழுந்தது. அக்கோரிக்கையை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பிலிருந்து அரசு நழுவுவதற்கு ஒரு மைதானம் சாட்டாக அமைந்துவிடக் கூடாது. மேலும், நகரின் நடுவேயுள்ள அப்பசுந்தரை நுவரெலியாவின் சுற்றுலாத்துறைக்கு வருமானம் ஈட்டித் தருகின்றது. அந்த வருமானத்தை நம்பியே கடைக்காரரும், வாகனச் சாரதியும், மரக்கறி வியாபாரியும், பை காவுபவரும் அடுப்பெரிக்கின்றனர். இவர்களுள் தமிழரும் உள்ளனர், முஸ்லிம்களும் உள்ளனர், சிங்களவரும் உள்ளனர்.

ஆகவே கேட்க வேண்டியது மைதானத்தையல்ல, அதன் வாசலையேயாகும். இது தொடர்பில் மூன்று விடயங்கள் நடைமுறைச் சாத்தியமானவை.

முதலாவது, பாடசாலை மாணவருக்கான பயிற்சி. வாரத்தில் ஆட்டக்காரர் குறைந்த சில மணித்தியாலங்களையேனும் சுற்றுவட்டாரத் தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கென ஒதுக்குவதால் எந்தக் கழகமும் நட்டமடையப் போவதில்லை. உபகரணங்களின் விலை தடையாக இருக்கின்றது என்பது உண்மையே. விதிப்படி ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்திருக்கலாம். டைட்டேனிய உலோகத்தில் செய்யப்படும் நவீன மட்டை ஒன்றின் விலை, தோட்டத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தையும் விஞ்சிவிடும். எனினும் ஆட்டத்தைக் கற்பதற்கு 14 மட்டைகள் தேவையில்லை. ஸ்பெயினில் வறிய விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பை காவி வளர்ந்து, உலகின் மாபெரும் பட்டங்கள் ஐந்தை வென்ற செவி பலஸ்தெரோஸ், ஒற்றை மட்டையுடன் கடற்கரை மணலில் பயின்றவர். ஆட்டக்காரர்கள் கழித்து ஒதுக்கும் மட்டைகளும் புதருக்குள் தொலைத்துவிடும் பந்துகளும் ஒரு பாடசாலைக்குப் போதுமானவையாகும்.

இப்பயிற்சியில் மாணவியருக்கும் சமமான இடம் அளிக்கப்பட வேண்டும். 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் அதிதி அசோக் நான்காம் இடத்தைப் பெற்று, பதக்கத்தை மயிரிழையில் தவறவிட்டார். அன்று அவரது பையைக் காவியவர் அவருடைய தாயார். கொழுந்துக் கூடை சுமக்கும் தாய்மாரின் புதல்வியருக்கு அக்காட்சி சொல்லும் செய்தி பெரிது.

இரண்டாவது, பை காவும் தொழிலுக்கு உரிய அங்கீகாரம். காற்றின் திசை, புற்றரையின் சாய்வு, 1,868 மீற்றர் உயரத்தில் மெலிந்த காற்றில் பந்து எவ்வளவு கூடுதலாகப் பறக்கும் என்ற கணிப்பு ஆகியவையெல்லாம் அனுபவ அறிவாகும். உலகெங்கும் மின்கலத்தில் ஓடும் சிறு வண்டிகள் இத்தொழிலை விழுங்கி வருகின்ற நிலையில், அந்த அறிவைத் தொழிற்றகைமையாக மதித்துச் சான்றிதழ் வழங்குவதற்கு அரசு முன்வர வேண்டும். 1958 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்த வேண்டியுள்ளது. ஆனால் நாளாந்தம் ஆட்டக்காரரின் கையிலிருந்து கூலி பெறுவோருக்குத் தொழில்தருநர் யார் என்பதே உலகின் பல நாடுகளில் தெளிவற்றுக் கிடக்கின்றது. முதுமையில் கைவிடப்படுவோர் இத்தகையோரே. இதனைத் தொழில் திணைக்களமும் மலையகத் தொழிற்சங்கங்களும் தமது நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்வது அவசியமாகும். தொழிற்சங்கம் என்றாலே நாட்சம்பளப் பேச்சுவார்த்தை மட்டுந்தான் என்ற நிலை மாற வேண்டும்.

மூன்றாவது, புலமைப்பரிசில் நிதியம். ஏப்ரல் மாதப் போட்டிகளுக்கு அனுசரணை வழங்கும் நிறுவனங்கள் அத்தொகையில் சிறு பங்கை ஒதுக்கினாலே ஆண்டுதோறும் சில பிள்ளைகளையாவது உயர்தர வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப முடியும். தோட்டத்தை விட்டு வெளியேறிக் கொழும்பில் வேலை தேடி அலையும் இளைஞருக்கு, ஊரிலேயே ஒரு கதவு திறக்கும்.

மலையகத் தமிழர் இம்மண்ணில் காலடி வைத்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைந்தமை 2023 இல் நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறு ஆண்டுகளும் அவர்கள் சுமந்தது பிறருடைய பாரத்தையே. கோப்பி மூட்டையைச் சுமந்தார்கள், கொழுந்துக் கூடையைச் சுமந்தார்கள், கோல்ப் பையையும் சுமந்தார்கள். பின்தங்கியவரின் பின்னடைவைக் கழித்துவிட்டுத்தான் போட்டியை ஆரம்பிக்க வேண்டும் என்று தமது விளையாட்டில் விதி வகுத்துக்கொண்டவர்கள், அதே விதியை வேலிக்கு அப்பாலும் ஒரு முறை நடைமுறைப்படுத்திப் பார்ப்பார்களா? அரசும் கம்பனிகளும் கழகங்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. அடுத்த வசந்த காலத்துக்கு முன்னராவது அதற்கான முதல் அடி எடுத்து வைக்கப்படுமாயின், அது நட்புறவுப் போட்டி என்ற சொல்லுக்கே பொருள் சேர்ப்பதாக அமையும்.