உரிமையாளர் உள்ள பல்கலைக்கழகம்

2002ஆம் ஆண்டு சத்தீஸ்கர் சட்டமன்றம் தனியார் பல்கலைக்கழகங்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. மாநிலம் பிறந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியானால் பல்கலைக்கழகம் பிறந்துவிடும் என்பதே அச்சட்டத்தின் சாரம். ஏறத்தாழ ஓராண்டுக்குள் 112 பல்கலைக்கழகங்கள் முளைத்தன. அவற்றுள் பலவற்றுக்கு வளாகம் இல்லை, நூலகம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. பட்டம் வழங்கும் அதிகாரம் மட்டும் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் முன்னாள் தலைவர் பேராசிரியர் யஷ்பால் உச்சநீதிமன்றத்தை நாடினார். 2005 பிப்ரவரியில் சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகளை நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது. அவற்றின்கீழ் எழுந்த பல்கலைக்கழகங்கள் அத்தனையும் ஒரே நாளில் இல்லாமற் போயின.

அத்துடன் கதை முடிந்தது என்று கருதுவோர் உண்டு. போலிகள் ஒழிந்தன, இனி வருபவை தரமானவை என்பது அவர்கள் வாதம். அத்தீர்ப்பு உண்மையில் கேட்டது கட்டடமும் ஆசிரியரும் எங்கே என்பதைத்தான். பல்கலைக்கழகம் யாருடையது என்ற கேள்வி அதன் முன் எழவே இல்லை. இன்று நாட்டில் தனியார் பல்கலைக்கழகங்கள் 400-க்கு மேல். அக்கேள்வி இன்னும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

பல்கலைக்கழகங்களைச் சட்டப்படி உருவாக்கும் அதிகாரம் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 32ஆம் இனத்தில் உள்ளது. ஓர் அறக்கட்டளையோ சங்கமோ விண்ணப்பிக்கிறது. நிலமும் வைப்புநிதியும் காட்டுகிறது. சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றுகிறது, அல்லது பொதுச்சட்டத்தின் அட்டவணையில் மேலும் ஒரு பெயரைச் சேர்க்கிறது. விவாதம் பெரும்பாலும் நடப்பதில்லை. விண்ணப்பித்த அமைப்புக்குச் சட்டமொழியில் 'புரவலர் அமைப்பு' என்று பெயர். வேந்தரை அதுவே முன்மொழிகிறது. ஆட்சிக்குழுவில் அதன் ஆட்களே மிகுதி. துணைவேந்தர் தேர்வும் அவ்வழியேதான். ஆசிரியர் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பேரவையை இச்சட்டங்களில் தேடினாலும் காண்பது அரிது. அரசுப் பல்கலைக்கழகங்களின் செனட்டும் சிண்டிகேட்டும் குறைபாடு மிக்கவைதாம்; எனினும் அங்கே எழுந்து நின்று கேள்வி கேட்க ஓர் இடமேனும் இருந்தது.

மேகாலயாவின் சிஎம்ஜே பல்கலைக்கழகம் 2009இல் மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஒரே கல்வியாண்டில் 434 பேருக்கு முனைவர் பட்டம் வழங்கியதாக அதன்மீது குற்றச்சாட்டு எழுந்தது. வேந்தர் நியமனத்திலேயே சட்டம் மீறப்பட்டிருந்தது. 2013இல் ஆளுநர் நடவடிக்கை எடுத்தார். கலைப்பு ஆணையை உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது 2025இல். பன்னிரண்டு ஆண்டுகள்!

இது கீழ்த்தரமான மாதிரி, மேல்தரமானதைப் பாருங்கள் என்பர். பார்ப்போம். ஹரியானாவின் சோனிபத்தில் 2014இல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகம் சில ஆயிரம் மாணவர்களைக் கொண்ட சிறிய நிறுவனம். செல்வந்தர் பலரின் நன்கொடையில் எழுந்தது, ஆசிரியர்கள் திறமையானவர்கள். இதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. 2021 மார்ச்சில் அரசை விமர்சித்து எழுதிவந்த பிரதாப் பானு மேத்தா விலகினார். நிறுவனர்களுடனான சந்திப்புக்குப் பின், தம் இருப்பு நிறுவனத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படுகிறது என்பது தெளிவாகிவிட்டது என்று அவரே எழுதினார். 2023இல் சப்யசாச்சி தாஸ், 2019 மக்களவைத் தேர்தல் முடிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நிர்வாகம் அதிலிருந்து விலகி நின்றது. அவர் பதவி விலகினார். ஆட்சிக்குழு ஆய்வின் உள்ளடக்கத்தில் தலையிடுகிறது என்று பொருளாதாரத் துறை பகிரங்கமாகக் கண்டித்தது. சில நாட்களில் உளவுத்துறையினர் வளாகத்துக்கு வந்தனர். 2025 மே மாதம் அலி கான் மஹ்மூதாபாத் ஒரு சமூக ஊடகப் பதிவுக்காகக் கைது செய்யப்பட்டபோதும், அவை அவரது தனிப்பட்ட கருத்துகள் என்பதே நிர்வாகத்தின் முதல் பதிலாக இருந்தது.

நிறுவனர்கள் தீயவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அவர்களுக்கு வேறு தொழில்கள் உள்ளன. அத்தொழில்களுக்கு அரசின் தயவு தேவை. அந்தத் தயவு குறையும் இடத்தில் ஆசிரியரின் பேனா நிற்க வேண்டியிருக்கிறது.

இட ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வெளிப்படையானது. 93ஆவது திருத்தத்தின் வழி அரசமைப்பில் சேர்ந்த 15(5), அரசு உதவிபெறாத தனியார் நிறுவனங்களிலும் ஒதுக்கீடு செய்ய வழிவிடுகிறது. 2014இல் பிரமதி வழக்கில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. ஒன்றிய அரசு மட்டும் சட்டம் கொண்டுவரவில்லை. ஹரியானா போன்ற சில மாநிலச் சட்டங்களில் உள்ள ஒதுக்கீடு மிகக் குறுகியது.

இவ்விடத்தில் நம் தோழர்களே கேட்கும் கேள்வியைத் தவிர்க்க இயலாது. 2025 மார்ச்சில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசும் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றியதே? நிறைவேற்றியது. மற்ற மாநிலங்கள் அனைத்தும் கதவைத் திறந்த பின், ஆண்டுதோறும் கேரள மாணவர் வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அரசின் நியாயம். 40 விழுக்காடு இடங்கள் கேரள மாணவர்க்கு, அவற்றுள் மாநிலத்தின் இட ஒதுக்கீடு, 25 கோடி ரூபாய் வைப்புநிதி, ஆட்சிக்குழுவில் அரசுச் செயலாளர் என்பன வேறெங்கும் எளிதில் காணாதவை. ஆயினும் அரசுச் செயலாளர் ஆசிரியரின் பிரதிநிதி ஆகமாட்டார். நாளை அரசு மாறினால் அந்த நாற்காலியில் அமர்பவரும் மாறுவார். ஆட்சிக்குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியரும் மாணவரும் அமர வேண்டும். ஆசிரியர் பணிப் பாதுகாப்பு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மற்ற மாநிலங்களிடம் நாம் வைக்கும் இக்கோரிக்கையைத் திருவனந்தபுரத்திடமும் வைக்கத் தயங்குவதற்குக் காரணம் இல்லை.

தனியார் உயர்கல்வியில் பட்டியல் சாதியினர்க்கு 15, பழங்குடியினர்க்கு 7.5, பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு ஒதுக்கச் சட்டம் வேண்டும் என்று திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. 15(5) நடைமுறைக்கு வந்து அப்போது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.